துணிக்கடையில் உட்கார விடுவதில்லை என்றால்

உங்கள் தங்கை பத்து மணி நேரம் நின்றே வேலை பார்க்கிறார், ஸ்டூலில் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் சத்தம் போடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது "கடை ரூல்ஸ்" என்று அவர் சொன்னால் நம்ப வேண்டாம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இல், 2021-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 22-அ பிரிவைச் சேர்த்தார்கள். ஊழியர் அனைவருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்கிறது அது. வாடிக்கையாளர் முன்னால் நிற்கும்போது சேலையை விரித்துக் காட்டத்தான் வேண்டும். கவுன்ட்டர் காலியான பிறகும் ஏன் நிற்க வேண்டும்?

நானும் தீபாவளி சீசனில் ஜவுளிக்கடையில் நின்றவன்தான். கேமரா படாத தூணில் சாய்ந்துகொண்டு, ஒரு காலை மாற்றி மறுகாலை ஊன்றியே பொழுது போகும். ராத்திரி கால் வீங்கிச் செருப்பே கழலாது.

ஸ்டூல் போட்டோவுக்கு மட்டும் இருக்கிறதா, உட்கார விடுகிறார்களா என்று ஒரு வாரம் தேதியோடு குறித்து வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் தொழிலாளர் துறையின் உதவி ஆய்வாளருக்கு எழுத்தில் மனு கொடுங்கள். தனியாகக் கையெழுத்துப் போட்டால் யார் என்று தெரிந்துவிடும்; நாலைந்து பேர் சேர்ந்து போடுவது நல்லது.