கதையும் கட்டுரையும் கலந்து படிக்க எங்கே தொடங்கலாம்?

"எதைப் பார்த்தாலும் தெரிந்துகொள்ள ஆசை. நாவலும் வேண்டும், அபுனைவும் வேண்டும், எப்படித் தேர்ந்தெடுப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே விஷயத்தைத் தொடும் இரண்டு புத்தகங்களை ஜோடியாக எடுங்கள் என்பேன். ஒன்று மற்றதற்கு ருசி கூட்டும்.

1820 நவம்பரில் பசிபிக் பெருங்கடலில் எசெக்ஸ் என்ற திமிங்கல வேட்டைக் கப்பலை ஒரு திமிங்கலம் முட்டி மூழ்கடித்தது. உயிர் தப்பிய கப்பல் அதிகாரி ஓவன் சேஸ் அடுத்த ஆண்டே நடந்ததைப் புத்தகமாக்கினார். அதைப் படித்திருந்த ஹெர்மன் மெல்வில் 1851இல் வெளியிட்ட நாவல்தான் 'மோபி டிக்'. முதலில் சேஸைப் படியுங்கள். சின்னப் புத்தகம்தான். முட்டிய திமிங்கலம் மறுபடி கப்பலை நோக்கித் திரும்பும் இடத்தில் மூச்சு நின்றுவிடும். அப்புறம் மெல்வில். நடுவே திமிங்கல வகைகளைப் பற்றி நீளமாக வரும். அலுத்தால் தாண்டிப் போங்கள், நாவலை மட்டும் கைவிட வேண்டாம்.

அறிவியல் பிடிக்குமென்றால், மெழுகுவத்தியைப் பற்றி மைக்கேல் ஃபாரடே சிறுவர்களுக்கு ஆற்றிய உரைகள் இருக்கின்றன. 1861இல் நூலாக வந்தன. மெழுகுவத்தியை மெல்ல ஊதி அணைத்து, எழும் புகையில் எரியும் தீக்குச்சியைக் காட்டச் சொல்கிறார். திரியைத் தொடாமலே சுடர் புகை வழியாக இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். எரிவது மெழுகின் ஆவி என்பது அந்த நொடியில் விளங்கிவிடும். படித்த கையோடு செய்து பாருங்கள்.

இதற்கு ஜோடி மேரி ஷெல்லியின் நாவல் 'ஃபிராங்கன்ஸ்டைன்', 1818. அதே அறிவுத் தாகம், ஆனால் பொறுப்பைக் கைவிட்ட ஒருவனிடம்.