யூதர்களின் சமயக் கல்விக்கு இணையவழிப் படிப்பு உண்மையிலேயே உதவுகிறதா?

பெரியவர்களுக்கு நன்றாகவே உதவுகிறது. குழந்தைகளுக்கு என்றால், ஆசிரியர் கிடைக்காத ஊர்களில் மட்டும் என்பேன். நான் யூதன் இல்லை. யூத நூல்களை இலவசமாகத் தரும் செஃபாரியா தளத்தில், யூதச் சட்ட விவாதங்களின் பழைய தொகுப்பான தால்முட்டை வாசிக்கிறவன். அந்த ஆர்வத்தில் இதையும் கவனித்து வருகிறேன்.

தினம் ஓர் ஏடு என்று பாபிலோனியத் தால்முட்டின் 2,711 ஏடுகளையும் ஏழரை ஆண்டில் முடிக்கும் 'டாஃப் யோமி' திட்டத்தை ரபி (யூத மதகுரு) மேயர் ஷாபிரோ 1923இல் வியன்னா மாநாட்டில் முன்வைத்தார். உலகம் முழுக்க ஒரே நாளில் ஒரே ஏடு. இணையம் வருவதற்கு முன்பே ஒலிநாடாவிலும் தொலைபேசியிலும் இந்தப் பாடத்தைக் கேட்டவர்கள் உண்டு. அதனால் பெரியவர்கள் இணையத்துக்கு மாறியதில் எனக்கு வியப்பில்லை.

தால்முட் பக்கத்தில் நடுவே மூலம், ஒரு பக்கம் ராஷி என்ற இடைக்கால அறிஞரின் உரை, மறுபக்கம் தோசஃபோத் என்ற பிற்கால உரைகள். செஃபாரியாவில் ஒரு வரியைத் தொட்டால் இவையெல்லாம் பக்கவாட்டில் திறக்கும். 2017 முதல் ரபி ஸ்டைன்சால்ட்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பும் அங்கே இலவசம். முதல் நூலான பெராகோத்தின் முதல் கேள்வி, தினமும் காலையிலும் மாலையிலும் சொல்லும் 'ஷெமா' என்ற வேத வாசகத்தை மாலையில் எப்போதிலிருந்து சொல்லலாம் என்பது. உடனே அடுத்த கேள்வி: காலையை விட்டுவிட்டு ஏன் மாலையை முதலில் பேச வேண்டும்? உபாகமம் 6:7இல் 'படுக்கும்போதும் எழும்போதும்' என்று படுப்பதுதானே முதலில் வருகிறது என்கிறது பதில். அந்த வசனத்தைத் திறந்து பாருங்கள்: பிள்ளைகளுக்குக் கற்பி என்ற கட்டளையும் அதிலேயே இருக்கிறது.

தால்முட்டை இருவராகச் சேர்ந்து, வாதாடித்தான் படிப்பார்கள். அந்த ஜோடிக்கு 'ஹவ்ரூத்தா' என்று பெயர். நியூயார்க்கில் ஒருவர், எருசலேமில் ஒருவர் என்றாலும் வீடியோ அழைப்பில் வாதம் குறைவதில்லை. எனக்குப் பெரிதாகப் படுவது பெண்கள் விஷயம். பாரம்பரியமாகத் தால்முட் கல்வி ஆண்களிடமே இருந்தது. இன்று இஸ்ரேலில் மிஷெல் கோஹன் ஃபார்பர் தினமும் நடத்தும் 'ஹத்ரான்' என்ற டாஃப் யோமி பாடத்தை எந்த ஊரிலிருந்தும் ஒரு பெண் கேட்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

சரி, குழந்தைகள். ஹபாத் என்ற யூதச் சமய இயக்கத்தினர் குடும்பத்தோடு தொலைதூர நகரங்களுக்குப் போய்ப் பணி செய்கிறார்கள். அங்கே யூதப் பள்ளி இருக்காது. அந்தப் பிள்ளைகளுக்காகக் கொரோனாவுக்கு வெகு முன்பே இணையப் பள்ளி தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்கு இது பெரிய வரம்தான்.

ஆனால் பதின்மூன்று வயதில் நடக்கும் பார் மிட்ஸ்வா சடங்குக்குத் தயாராகும் பையனைப் பாருங்கள். தோரா (மோசேயின் ஐந்து நூல்கள்) சுருளில் உயிர்க்குறியும் கிடையாது, இசைக்குறியும் கிடையாது. இரண்டையும் மனதில் ஏற்றிக்கொண்டு சபை முன் ராகத்தோடு வாசிக்க வேண்டும். ஆசிரியரோடு சேர்ந்து பாடிப் பழகினால் சீக்கிரம் வரும். ஜூமில் ஒலி சற்றுத் தாமதமாக வருவதால் சேர்ந்து பாடவே முடியாது. அவர் பாடி நிறுத்த, இவன் திருப்பிச் சொல்ல வேண்டியதுதான். பதிவுகள் கைகொடுக்கும், ஆனால் பதிவு அவன் பிழையைத் திருத்தாது.

அப்புறம் ஓய்வுநாள். வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி இரவு வரை, சட்டத்தை முழுதாகக் கடைப்பிடிக்கும் வீடுகளில் எந்தத் திரையையும் தொட மாட்டார்கள். டாஃப் யோமிக்கோ அன்றும் விடுப்பில்லை. அன்றைய ஏட்டை அச்சுப் புத்தகத்தில்தான் படிப்பார்கள்.