இந்தக் கான் யாருடையது?

வீடு, வளவு, வீதி பற்றிய வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற வீதித் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: ஐயா, மாரி தொடங்கினால் எங்கள் ஒழுங்கைத் தண்ணி வீட்டுக்குள் வந்துவிடுகிறது. போனமுறை மெத்தையும் பிரிஜும் போச்சு. கடனுக்கு எடுத்த பலகை அலுமாரி அடியில் ஊதி, கதவு பூட்ட வருகுதில்லை. வீட்டுக்கு முன்னால் கான் (வடிகால்) இருக்கு, ஆனால் ஓடாது. உள்ளூராட்சி சபைக்குப் போனால் 'அது எங்கட கான் இல்லை' என்கிறார்கள். ஆதனவரியை மட்டும் ஒழுங்காக வாங்குகிறார்கள். கிரவல் அடித்து வளவை உயர்த்துவோம் என்று இவர் நிற்கிறார். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, அன்புவழிபுரம், திருகோணமலை

பதில்: கிரவல் லோட்டுக்குச் சொல்லியிருந்தால் முதலில் அதை நிற்பாட்டுங்கள், தங்கச்சி. நீங்கள் ஒரு அடி உயர்த்தினால் தண்ணி பக்கத்து வீட்டுக்குப் போகும். அடுத்த வருடம் அவர்களும் உயர்த்துவார்கள். பிறகு ஒழுங்கையே கானாகிவிடும். பாலையூற்றில் இப்படி முட்டி மோதி, மதிலுக்கு மதில் கதைக்காமல் இருக்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும்.

தண்ணியின் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 10 பேர்ச் வளவு என்றால் ஏறக்குறைய 253 சதுர மீற்றர். 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் அந்த வளவில் மட்டும் விழுவது 25,000 லீற்றருக்கு மேல். 1,000 லீற்றர் தாங்கி இருபத்தைந்தை முற்றத்தில் கவிழ்த்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். நிலம் ஊறின பிறகு உறிஞ்சாது. போகிற வழி கான் ஒன்றுதான்.

ஆனபடியால் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு, மழை இல்லாத ஒரு பின்னேரம் கானோடு நடந்து போங்கள். உங்கள் வாசலில் தொடங்கி அது போய் விழுகிற இடம் வரைக்கும். உங்கள் வாசலில் தண்ணி நிற்கிறது என்பதற்காக அடைப்பும் வாசலில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நான் வேலையில் இருந்த காலத்தில் இந்த முறைப்பாடுகளில் கனக்க, கீழே எங்கேயோ ஒரு போக்கில்தான் போய் முடியும். சந்தியில் வீதிக்குக் குறுக்கே போகிற குழாய்க்குள் பாதிக்கு மணல், அதற்கு மேல் பம்பர்ஸ், யோகட் கோப்பை, யாரோ கட்டிட வேலை முடித்துக் கழுவிவிட்ட சீமெந்து. சீமெந்து இறுகினால் மண்வெட்டிக்கு வராது. மேசன்மார் பாவிக்கிற தண்ணி டியூப்பால் மட்டமும் பாருங்கள். சில இடத்தில் புதிதாகக் கட்டின கான் பழையதைவிட உயரத்தில் இருக்கும். அதை எத்தனை தரம் துப்புரவாக்கினாலும் தண்ணி ஏறி ஓடாது. அது கட்டினவர்கள் திருத்த வேண்டிய வேலை.

இனி 'எங்கட கான் இல்லை' என்ற கதை. அவர்கள் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஏ, பி தர வீதிகளின் கான் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்குரியது. கண்டி வீதியும் புல்மோட்டைக்குப் போகிற பி 424 உம் அப்படித்தான். சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துடையவை. ஒழுங்கைகள் சபைக்கு. உங்கள் ஒழுங்கைக் கான் போய்ப் பெரிய வீதிக் கானில் ஏறுகிற இடத்தில்தான் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். 'யாருடையது' என்று வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள்: இந்தக் கானைப் பராமரிப்பது யார், கடைசியாக எப்போது துப்புரவு செய்யப்பட்டது, இந்த வருடம் அதற்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு. கேட்ட தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானித்தாக வேண்டும். இரண்டு மூன்று இடத்துக்கும் ஒரே கடிதத்தைக் கொடுத்து, ஏற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். ஒழுங்கையில் பத்து வீடு சேர்ந்து ஒப்பமிட்டால் இன்னும் நல்லது. கார்த்திகையில் அல்ல, ஆவணியிலேயே கொடுங்கள். மழைக்குள் பெக்கோ மெசின் கேட்டு நிற்கிறவர்கள் கனபேர்.

ஆதனவரியைக் கட்டாமல் விடுவோமா என்றுதான் அடுத்ததாகக் கேட்பீர்கள். வேண்டாம். நிலுவை ஏறும், முறைப்பாட்டுக்கும் பலம் போய்விடும். முழு வருடத்துக்குமான வரியை தை (ஜனவரி) 31 க்கு முதல் கட்டினால் 10 சதவீதக் கழிவு கிடைக்கும். பற்றுச்சீட்டின் பிரதியை முறைப்பாட்டோடு இணையுங்கள்.

அலுமாரிக்கு ஒரு சொல். அமுக்கிய பலகைச் சாமான் ஒருமுறை ஊதினால் திரும்பாது, திருத்தக் காசு செலவழிக்காதீர்கள். அடுத்தது வாங்கும்போது இரும்புக் காலோடு வாங்குங்கள்.

கேள்வி: டித்வா புயலுக்கு எல்லாருக்கும் காசு கொடுத்தார்கள். எங்களுக்கு வருடா வருடம் தண்ணி, ஒரு சதமும் இல்லை. ஏன்?
– ஒரு வாசகர், உப்புவெளி

பதில்: 'எல்லாருக்கும்' என்பது கொஞ்சம் கூட, தம்பி. 2025 கார்த்திகை (நவம்பர்) கடைசியில் மகாவலி பெருகி, மாவிலாற்று அணை உடைந்து, மூதூர், வெருகல் பக்கம் சனம் பட்ட பாடு வேறு. வீடு துப்புரவாக்க 25,000 ரூபா என்று அரசு அறிவித்ததும் அந்தப் பேரழிவுக்குத்தான். உங்கள் தண்ணி பதிவில் ஏறினால்தான் எந்த உதவிக்கும் கேட்க முடியும். தண்ணி நிற்கும்போதே சுவரில் எந்த மட்டம் வரை வந்தது என்று தெரியும்படி படம் எடுங்கள், அன்றைக்கே கிராம சேவகரிடம் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. வீட்டுக் காப்புறுதி வைத்திருந்தால் ஒப்பந்தத்தில் 'வெள்ளம்' என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். சிலதில் அதற்குத் தனியாகக் கட்ட வேண்டும். மதிப்பீட்டாளர் வரும்வரை நனைந்த மெத்தையை எறியவும் கூடாது. அவர் வருவதற்குள் அது நாறும், என்ன செய்கிறது.

கேள்வி: கானைத் துப்புரவாக்கினார்கள். அப்படியிருந்தும் மழைக்குத் தண்ணி வடியவில்லை. ஏன் ஐயா?
– ஒரு மீனவர், திருக்கடலூர்

பதில்: கடலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்வதா! கானின் வாயை அலை மணல் போட்டு மூடியிருக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் கடல்மட்டமும் மற்ற மாதங்களைவிடச் சற்று மேலேதான் நிற்கும். கானை மட்டும் வெட்டி, வாயை வெட்டாமல் போயிருப்பார்கள். கடிதத்தில் 'கடல்வாய் உட்பட' என்று எழுதுங்கள், மாரி முடியும் வரை திரும்பத் திரும்ப வெட்ட வேண்டும் என்றும் சேருங்கள்.

கேள்வி: வெள்ளம் வடிந்துவிட்டது. கிணற்றுத் தண்ணி தெளிவாகத்தான் இருக்கு. குடிக்கலாமா?
– ஒரு தாய், செல்வநாயகபுரம்

பதில்: கூடாது, பிள்ளை. மலக்குழி நிரம்பி வழிந்த தண்ணியும் தெளிந்துதான் இருக்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொன்னால் குளோரீன் போட ஒழுங்கு செய்வார். அதுவரைக்கும் வேறு இடத்துத் தண்ணியைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். அவசரத்தில் மோட்டர் போட்டுக் கிணற்றை அடிவரை இறைக்கவும் வேண்டாம். சுற்றி நிலம் ஊறி நிற்கிற நேரம் கிணற்றுச் சுவர் உள்ளே சரியும். மோட்டர் நனைந்திருந்தால் மின்சாரக்காரர் பார்க்கும்வரை சுவிட்சைத் தொடாதீர்கள்.