விலையை யார் கொடுக்கிறார்கள்? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா அவர்களுக்கு,

காங்கயத்தை அடுத்த ஒரு கிராமம் எங்களுடையது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஞானஸ்நானம் எடுத்தேன். எனக்குப் பேசியிருந்த வரன் அதோடு நின்றுபோனது. அப்பா என்னோடு பேசுவதில்லை. அம்மா மட்டும், தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டப் போகும்போது, மோட்டார் ரூமுக்குள் நின்றுகொண்டு யாருக்கும் தெரியாமல் போன் செய்வார்.

வருகிற வைகாசியில் தம்பிக்குக் கல்யாணம். உடன்பிறந்தவள் நான் ஒருத்திதான் என்பதால், மாப்பிள்ளையோடு உடன்பிறந்தவள் நிற்கும் இணைச்சீருக்கு நிற்கவேண்டும் என்று தம்பியே நேரில் வந்து கேட்டான். எங்கள் பாஸ்டரோ, கல்யாணத்துக்கே போகக் கூடாது என்கிறார். "தகப்பனையாவது தாயையாவது என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன் எனக்குப் பாத்திரன் அல்ல" என்ற வசனத்தைக் காட்டினார். ஹிட்லரை எதிர்த்துத் தூக்கில் ஏறிய ஜெர்மன் போதகர் போன்ஹோஃபரைப் பற்றிப் பிரசங்கித்து, அவர் உயிரையே கொடுத்தாரே, உங்களால் ஒரு கல்யாணத்தை விட முடியாதா என்று கேட்டார். இதற்கிடையில் மாமா, மதம் மாறினவளுக்குச் சட்டப்படி பங்கு இல்லை என்று சொல்லி, சொத்துரிமையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார்.

சபையில் பெரும்பாலானோர் காலனியிலிருந்து வருகிறவர்கள். என்மேல் மிகவும் பிரியமாக இருக்கிறார்கள். ஆராதனை முடிந்ததும் நின்று பேசுவேன். வீட்டுக்குச் சாப்பிட அழைத்தால் மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லிவிடுவேன். ஊருக்குச் சேதி போனால் அப்பா தாங்கமாட்டார்.

இயேசுவுக்காக நான் கொடுக்க வேண்டிய விலை இதுதானா? அல்லது என்னுடைய விலையை அம்மா கொடுத்துக்கொண்டிருக்கிறாரா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வி சரியான கேள்வி. விசுவாசத்துக்காக இழந்தவற்றைச் சாட்சியாகச் சொல்லுகிறவர்கள் நம் சபைகளில் நிறைய உண்டு. அந்த இழப்பில் எவ்வளவு தன்னுடையது, எவ்வளவு வீட்டில் இருக்கிறவர்களுடையது என்று பிரித்துப் பார்க்கிறவர்கள் குறைவு.

லூக்கா 14ஆம் அதிகாரத்தில், கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று இயேசு கேட்கிறார். தகப்பனையும் தாயையும் பற்றிய கடுமையான வார்த்தைக்கு ஒருசில வரிகள் தள்ளியே இந்தக் கேள்வி வருகிறது. பின்பற்றுகிறவன் கண்ணைத் திறந்துகொண்டு, எதற்கு எவ்வளவு என்று தெரிந்துதான் பின்பற்ற வேண்டும் என்று அவர் விரும்பினார். தேவையில்லாத செலவைக் கூட்டிக் காட்டினால் பக்தி கூடிவிடும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் 'கொர்பான்', அதாவது கடவுளுக்குக் கொடுத்த காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை மாற்கு 7ஆம் அதிகாரத்தில் அவர் கடிந்துகொண்டார். சிலுவையில் தொங்கிக்கொண்டிருந்தபோதும் தம் தாயை ஒரு சீஷனுடைய வீட்டில் ஒப்படைத்தார்.

இணைச்சீர் பற்றி என் கருத்தைச் சொல்கிறேன். இதில் நல்ல விசுவாசிகளுக்குள்ளேயே கருத்து வேற்றுமை உண்டு. தம்பிக்கும் அக்காவுக்கும் உள்ள உறவை ஊரறிய உறுதிப்படுத்தும் சீர் அது. சடங்குகளைச் செய்துவைக்கும் பெரியவரான அருமைக்காரர் முன்னின்று நடத்தும் கல்யாணத்தில் பிள்ளையார் வழிபாடும் இருக்கும், உறவுமுறைச் சடங்குகளும் இருக்கும், இரண்டும் ஒன்றல்ல. வழிபாட்டில் நீங்கள் கைகூப்ப முடியாது என்றால் கூப்ப வேண்டாம், அதில் வளைந்துகொடுக்கவும் வேண்டாம். ஆனால் தம்பிக்கு அக்காவாக நிற்பது விக்கிரக ஆராதனை என்று நான் நினைக்கவில்லை. இஸ்ரவேலின் கடவுளை ஏற்றுக்கொண்ட சீரியப் படைத்தலைவன் நாகமான், தன் ராஜா ரிம்மோன் என்னும் தெய்வத்தின் கோவிலில் தன் கைமேல் சாய்ந்துகொண்டு பணியும்போது தானும் பணிய வேண்டியிருக்குமே என்று தயங்கிக் கேட்டான். தீர்க்கதரிசி எலிசா அவனுக்குச் சொன்ன பதில், "சமாதானத்தோடே போ" என்பது. நாகமானுக்குக் கிடைத்த அவ்வளவு இடம்கூட உங்களுக்குத் தேவைப்படாது.

தம்பியிடம் முன்கூட்டியே பேசுங்கள். எதற்கெல்லாம் நிற்பேன், எந்த இடத்தில் ஒதுங்கிக்கொள்வேன் என்று தெளிவாகச் சொல்லுங்கள். கல்யாணத்தன்று ஒறம்பரை (உறவினர்கள்) முன்னால் அவன் தலைகுனியும்படி எதுவும் நடக்கக் கூடாது. இவ்வளவும் கேட்டபின் வேண்டாம் என்று வீட்டார் முடிவெடுத்தால், வந்தவர்களில் ஒருத்தியாகப் போய் வாழ்த்திவிட்டு வாருங்கள். வாசலிலேயே திருப்பி அனுப்பினால் அந்த வலியைத் தாங்கிக்கொள்ளுங்கள். அது உங்களுக்கு நேர்ந்த விலை. நீங்களாகவே போகாமல் இருந்துவிட்டால் அந்த விலையில் பெரும்பங்கு தம்பியின் தலையிலும் அம்மாவின் தலையிலும் விழும்.

போன்ஹோஃபரை உங்கள் பாஸ்டர் நினைவூட்டியதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அவர் எதற்காக விலை கொடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். 1933இல் நாஜிகளின் இனச் சட்டத்தை ஜெர்மன் சபைக்குள்ளும் கொண்டுவந்து, யூத வம்சத்தில் பிறந்த கிறிஸ்தவர்களைச் சபை ஊழியத்திலிருந்து விலக்க முனைந்தார்கள். அதை ஏற்கும் சபை சபையே அல்ல என்று எதிர்த்து நின்றவர்களில் முன்னணியில் இருந்தவர் அவர். 1939இல் நியூயார்க்கில் பாதுகாப்பாக இருக்க வாய்ப்புக் கிடைத்தும், சில வாரங்களிலேயே திரும்பிவிட்டார். 1943 ஏப்ரலில் கைதானார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். குடும்பத்தை உதறியவர் அல்ல அவர். டெகல் சிறையிலிருந்து பெற்றோருக்குத் தொடர்ந்து கடிதம் எழுதியவர். பிறப்பைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கும் சபையோடு சமாதானமாகப் போகமாட்டேன் என்பதுதான் அவருடைய பாதையின் தொடக்கம்.

இனி நான் சொல்லப்போவது உங்களுக்குக் கடினமாக இருக்கலாம். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது கல்யாணம் அல்ல. காலனியிலிருந்து அழைப்பவர்களிடம் நீங்கள் சொல்லும் சாக்கு. கொங்கு நாட்டில் சீஷத்துவம் உண்மையாகக் கேட்கும் விலை அந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லோர் முன்னிலையிலும் முகத்துக்கு நேராகக் கண்டித்தார். ஒருவர் வீட்டில் சாப்பிடுவதா இல்லையா என்பது பவுலுக்குச் சுவிசேஷத்தின் சத்தியமே அடங்கிய கேள்வியாக இருந்தது. தமிழ்நாட்டிலும் இது புதிய சங்கதி அல்ல. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாடு சபைக்குள் உடனே, முற்றிலுமாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே போனார்கள். பழைய தெய்வங்களை விட்டுவந்தவர்களால் சாதியை விட முடியவில்லை.

காலனியிலிருந்து உங்களைச் சாப்பிட அழைத்த ஒரு சகோதரி ஞானஸ்நானத்துக்கு என்ன விலை கொடுத்தார் என்று யோசித்துப் பார்த்தீர்களா? 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணைப்படி, கிறிஸ்தவரான ஒருவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார். 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் அந்த ஆணை திருத்தப்பட்டது, கிறிஸ்தவர்களுக்குத் திருத்தப்படவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுகிறார்கள். அவர் அருந்ததியராக இருந்தால், பட்டியல் சாதியினருக்கான 18 சதவீத இடஒதுக்கீட்டுக்குள் 2009 முதல் கிடைத்துவரும் 3 சதவீத உள் ஒதுக்கீடும் அவருடைய பிள்ளைகளுக்கு இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை. ஆனால் காலனிக்கு வெளியே டீக்கடையிலும் வாடகை வீடு தேடும்போதும், மதம் மாறிவிட்டார் என்று அவரைப் பழைய சாதியை விட்டு வேறாக யாரும் பார்ப்பதில்லை. இந்த விலையைத் தலைமுறைக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறவர் உங்களுக்குச் சோறு போட ஆசைப்படுகிறார்.

வீட்டையாவது தாயையாவது விட்டவன் துன்பங்களோடுகூட நூறத்தனையாக வீடுகளையும் தாய்மாரையும் அடைவான் என்று மாற்கு 10ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்னதும் இதைத்தான் தொடுகிறது. அந்த நூறு வீடுகள் திறந்திருந்தால்தான் வீட்டை இழந்தவர் நிற்க முடியும். இழக்கச் சொல்லுகிற சபை, இழந்தவர்களுக்கு வீடாக இருக்கவும் கடமைப்பட்டது. உங்களுக்கு வரன் நின்றுபோனதைப் பற்றி உங்கள் சபை என்ன செய்தது என்று கடிதத்தில் ஒரு வரியும் இல்லாதது எனக்கு வருத்தமாக இருந்தது.

விடுதலைப் பத்திரத்தைப் பொறுத்தவரை, அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். மதம் மாறியதாலேயே ஒருவருடைய வாரிசுரிமை போய்விடாது என்பது 1850ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே உள்ள நிலை. ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, மதம் மாறியபின் பிறக்கும் பிள்ளைகள், சொத்துக்காரர் இறந்து வாரிசுரிமை திறக்கும் நேரத்தில் இந்துக்களாக இல்லாவிட்டால், இந்து உறவினர்களின் சொத்துக்கு வாரிசாக முடியாது என்கிறது. அப்பா தாமே சம்பாதித்ததை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். இவற்றையெல்லாம் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டறிந்தபின், தம்பிக்காக விட்டுக்கொடுக்க மனமிருந்தால் மனப்பூர்வமாக விட்டுக்கொடுங்கள். உரிமையே இல்லை என்று நம்பவைக்கப்பட்டு விடாதீர்கள்.

வைகாசிக்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சகோதரியின் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள். ஊரார் வழியாக அப்பாவின் காதுக்கு எட்டுவதற்குள், அம்மா அடுத்தமுறை போன் செய்யும்போது நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்.