மனம் வராத நாட்களின் வேலை

அன்புள்ள ஐயா,

ஈரோடு மாவட்டத்தில் அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். எங்கள் பக்கத்து விவசாயச் சொற்களைத் தொகுக்க ஆசைப்பட்டு, விடுமுறை நாட்களில் ஊர் ஊராகப் போய்ப் பெரியவர்களின் பேச்சைச் செல்போனில் பதிவு செய்தேன். ஒரு வருடமாக அந்தப் பதிவுகளைத் தொடவே மனம் வரவில்லை. ஊக்கப் பேச்சுகளைக் கேட்டால் ஒரு மணி நேரம் வேகம் இருக்கிறது, அப்புறம் பழையபடிதான். எனக்கு உண்மையிலேயே ஆர்வம் இல்லையோ? மனம் வராதபோது எப்படி வேலை செய்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஆர்வம் இல்லாதவர் விடுமுறை நாளில் ஊர் ஊராக அலைய மாட்டார். அந்தச் சந்தேகத்தை விட்டுவிடுங்கள். பதிவு செய்யும்போது எதிரே ஒரு மனிதர் இருந்தார், பேச்சு இருந்தது. இப்போது மிஞ்சியிருப்பது தனியாக உட்கார்ந்து செய்யும் வேலை. அதற்கு மனம் தானாக வராது. பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான்.

உ.வே.சாமிநாதையரை எடுத்துக்கொள்ளுங்கள். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்கிறார். அதே ஆண்டு, அந்த ஊருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார் அவரிடம் சீவக சிந்தாமணி என்ற பழைய சமணக் காப்பியத்தின் பிரதியைக் கொடுக்கிறார். நூல் அச்சாகி வந்தது 1887இல். ஏழு ஆண்டு. மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள், கூடவே நச்சினார்க்கினியர் உரை. பகலில் கல்லூரிப் பாடம், மிச்ச நேரத்தில் ஏடு. சமண மரபு தெரியாமல் பல இடங்கள் விளங்கவில்லை. அந்த ஊர்ச் சமணர்களிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

நாம் அவருடைய தமிழ்ப்பற்றைத்தான் எப்போதும் பேசுகிறோம். பற்று இருந்தது, சரி. ஆனால் அந்த வேலை என்னென்ன துண்டுகளால் ஆனது என்று பாருங்கள். ஒரு பிரதியை இன்னொரு பிரதியோடு வைத்துப் பார்ப்பது, பிரதிக்குப் பிரதி சொல் மாறும் இடங்களை, அதாவது பாடபேதத்தைக் குறிப்பது, உரையில் வரும் மேற்கோள் எந்த நூலில் இருக்கிறது என்று தேடுவது, கடைசியில் அச்சுப்பிழை திருத்துவது. இவற்றில் பலவற்றுக்கு உற்சாகம் தேவையில்லை, கண்ணும் கையும் பொறுமையும் இருந்தால் போதும். பொருள் விளங்காத பாடலில் முட்டி நின்ற நாளிலும் பிரதியை ஒப்பிடலாம். பெரிய வேலை எதுவானாலும் அதற்குள் இப்படி ஒரு மந்தமான பகுதி இருக்கும். சோர்ந்த நாளுக்கென்று அதை ஒதுக்கி வைத்துக்கொள்வது பெரிய பலம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மனநலத் துறையிலும் இதற்கு இணையான பார்வை உண்டு. மனச்சோர்வில் இருப்பவர் வேலைகளை ஒவ்வொன்றாக விடுகிறார். விடவிட, மகிழ்ச்சி தரக்கூடிய எதுவும் அவரை வந்து சேர்வதில்லை. சோர்வு இன்னும் கூடுகிறது. 1970களில் அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லூயின்சன் இந்தச் சுழலை விளக்கினார். மனம் தெளியட்டும் என்று காத்திராமல், சிறிய செயல்களை நேரம் குறித்துச் செய்ய வைப்பது ஒரு சிகிச்சை முறையாகவே வளர்ந்தது. 1996இல் நீல் ஜேக்கப்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், எண்ணங்களைத் திருத்தும் பயிற்சியும் சேர்ந்த முழுச் சிகிச்சைக்கு நிகராகவே இந்தச் செயல் பகுதி மட்டும் பலன் தந்தது. செயல் முன்னே போனால் மனம் பின்னால் வரும்.

உங்கள் வேலைக்கு வருவோம். ‘சொல்லகராதி’ என்ற பெரிய பெயரைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். பதிவுகளை ஐந்து நிமிடத் துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு நாளைக்கு ஒரு துண்டு. காதில் ஹெட்போனை மாட்டி, நிறுத்தி நிறுத்திக் கேட்டு, காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதுங்கள். சால், வடம், வால்கயிறு என்று சொல் வந்தால் அதற்கு ஒரு சீட்டு. சொல், சொன்னவர் பேசிய முழு வாக்கியம், ஊர், தேதி. பொருள் எழுத வேண்டாம், அகராதியைப் புரட்ட வேண்டாம். அதெல்லாம் தெம்புள்ள நாளின் வேலை. எழுந்திருக்கும் முன் நாளை எந்தத் துண்டு என்பதைத் தாளின் தலையில் குறித்துவிடுங்கள். நாளை வந்ததும் எங்கே தொடங்குவது என்று யோசிக்கிற இடத்தில்தான் பலரும் போனைக் கையில் எடுக்கிறோம்.

நேரமும் முக்கியம். அலுவலகம் போய்வந்த சாயங்காலம் உங்களிடம் ஒன்றும் மிச்சமிருக்காது. முடிந்தால் காலையில், குளிப்பதற்கு முன் அரைமணி நேரம் உட்காருங்கள். ஊக்கப் பேச்சுகளை நிறுத்திவிடலாம். அவற்றைக் கேட்டதே வேலை செய்த நிறைவைத் தந்துவிடுகிறது, அதுதான் ஆபத்து.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இந்த வேலையில் மட்டும்தான் மனம் செல்லவில்லையா, அல்லது தூக்கம், சாப்பாடு, நண்பர்கள் என்று எதிலும் பிடிப்பில்லையா? இரண்டு வாரத்துக்கு மேல் எல்லாமே அப்படி இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம். அந்த நிலையில் நேர அட்டவணை மட்டும் போதாது.

அப்படி இல்லையென்றால், உங்கள் பதிவுகளில் இருப்பவர்களிலேயே வயதில் மூத்தவர் யாரோ அவருடைய பதிவிலிருந்து ஆரம்பியுங்கள். எழுதும்போது விளங்காத சொற்கள் வரும். அவற்றைத் தனியே குறித்துக்கொண்டு இந்த மாதமே அவரைப் போய்ப் பாருங்கள். அவரிடம் கேட்டால்தான் உண்டு.

அன்புடன்