மாமா எப்படி இருப்பார்?

கேள்வி: புலிகள் இயக்கத்தில் இருந்த என் அண்ணா 2000-ஆம் ஆண்டு ஆனையிறவுச் சண்டையில் வீரச்சாவடைந்தவர். கிளிநொச்சி கனகபுரம் மாவீரர் துயிலும் இல்லத்தில் விதைத்தோம். மாவீரர் நாளான நவம்பர் 27-க்கு அம்மாதான் விளக்கேற்றுவார். அம்மாவும் இந்தத் தை மாதம் காலமாகிவிட்டார். கல்லறை இருந்த இடம் தெரியவில்லை, இடப்பெயர்வில் படமும் போய்விட்டது. 12 வயது மகன், "மாமா எப்பிடி இருப்பார்?" என்று கேட்கிறான். என்ன செய்வேன் அக்கா?
- வாசகி, விசுவமடு

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் முற்றத்தில் போய் இருந்தேன். என் தம்பிக்கும் அங்கே ஒரு நினைவுக்கல் இருந்தது. உடல் கிடைக்காதவர்களுக்குக் கல் மட்டும்தானே. போர் முடிந்த கையோடு ஆமிக்காரர் எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிவிட்டார்கள். 2016-இல் சனம் திரும்பவும் கூடி விளக்கேற்றியபோது, உடைந்த துண்டுகளுக்குள் அவன் பெயரில் ஓர் எழுத்தாவது கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை. வாசலில் இருந்து எவ்வளவு தூரம் என்பது காலுக்குத்தான் ஞாபகம் இருந்தது. அங்கே சிட்டி விளக்கை வைத்தேன். நீங்களும் அப்படியே வையுங்கள். இடம் கொஞ்சம் தள்ளிப் போனால் என்ன, அதுவும் ஒரு தாயின் பிள்ளை படுத்த இடம்தான். மழைக்காலம், குடையோடு போங்கள். மாலை 6.05-க்கு மணி ஒலிக்கும்போது திரி நனைந்திருக்கக் கூடாது.

படத்தை வெளிநாட்டுச் சொந்தங்களின் பழைய அல்பங்களில் தேடுங்கள். என் தம்பி கனடாவில் இருக்கும் மச்சாளின் சாமத்திய வீட்டு அல்பத்தில் கிடைத்தான். வாழைக்குலைக்குப் பக்கத்தில், பாதி முகம், கையில் சோடாப் போத்தல். அதைத்தான் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

மகனுக்கு வீரத்தை மட்டும் சொல்லாதீர்கள். அண்ணாவுக்கு எந்தக் கறி பிடிக்கும், எந்தக் குளத்தில் நீந்தினார், அவர் போன அன்று அம்மா எப்படி அழுதார், எல்லாம் சொல்லுங்கள். அம்மாவின் அழுகையை மறைக்க வேண்டாம்.

இன்னொன்று. அண்ணாவோடு இயக்கத்தில் நின்றவர்கள் யாராவது உங்கள் பக்கம் இருப்பார்கள். காலையும் கண்ணையும் கொடுத்துவிட்டு, போருக்குப் பிறகு அரசின் புனர்வாழ்வு முகாமுக்கும் போய் வந்து, இன்றைக்குக் கூலி வேலைக்கு அலைகிறார்கள். விசாரணை வரும் என்ற பயத்தில் அவர்களை நல்லது கெட்டதுக்குக்கூடக் கூப்பிடாத வீடுகள் உண்டு. எனக்கு இது பொறுக்கவே இல்லை. விளக்கேற்றிவிட்டு வரும்போது அப்படி ஒருவரைக் கூட்டி வந்து சோறு போடுங்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஒருவர் இருக்கிறார். போன வருடம் வந்து, செயற்கைக் காலைக் கழற்றிச் சுவரோடு சாத்திவிட்டுப் பாயில் இருந்தார். ரசத்துக்குக் கை நீட்டியவர், "உங்கட தம்பி பங்கருக்குள்ளயும் சீப்பு வைச்சிருந்தவன் அக்கா" என்றார். சுருட்டைத் தலை அவனுக்கு. இங்கே இருந்தபோது ஒரு நாளும் சீவினதில்லை. அந்தச் சீப்பைப் பற்றி நான் இருபது வருடமாக அறியாமல் இருந்திருக்கிறேன்.

உங்கள் மகனையும் அப்படி ஒருவருக்குப் பக்கத்தில் இருத்துங்கள் தங்கச்சி. மாமா எப்படி இருப்பார் என்று அவரிடம் கேட்கட்டும்.