சி3 நார்மல், முட்டி மட்டும் ஏன் வீங்குகிறது?

கேள்வி: எனக்கு முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்). ரத்தத்தில் சி3, சி4 இரண்டும் நார்மல் என்கிறது ரிப்போர்ட். அப்படியானால் காம்ப்ளிமென்டுக்கும் என் மூட்டுக்கும் சம்பந்தமே இல்லையா?

சம்பந்தம் உண்டு. காம்ப்ளிமென்ட் என்பது நோய் எதிர்ப்புக்கு உதவும் முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்களின் கூட்டம். சி3, சி4, சி5 எல்லாம் அதில் சேர்ந்தவை. பெரும்பாலும் கல்லீரலில் உருவாகி ரத்தத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். கிருமி நுழைந்ததும் ஒரு புரதம் அடுத்ததை வெட்டும், அது அதற்கடுத்ததை வெட்டும். முடக்குவாதத்தில் கிருமியே இல்லாமல் இந்தச் சங்கிலி தொடங்கிவிடுகிறது. ருமட்டாய்டு ஃபேக்டர், ஆன்டி சிசிபி போன்ற ஆன்டிபாடிகள் மூட்டுக்குள் கொத்துக் கொத்தாகச் சேர்ந்து அதைக் கிளப்புகின்றன. கடைசியில் சி5 உடைந்து வரும் சி5ஏ என்ற துண்டு, வெள்ளை அணுக்களைக் கூட்டம் கூட்டமாக மூட்டுக்குள் இழுக்கிறது. அவை கக்கும் என்சைம்கள் குருத்தெலும்பை அரிக்கின்றன. அரிபட்ட துணுக்குகளில் சில மறுபடியும் காம்ப்ளிமென்டைத் தூண்டுகின்றன.

வீங்கிய முழங்காலில் ஊசி போட்டு நீர் எடுக்கும்போது இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நல்ல மூட்டின் நீர் தெளிவாக, ஊசி நுனியிலிருந்து நூல்போல இழுபடும். அழற்சி உள்ள நீர் கலங்கி, தண்ணீர் மாதிரி சொட்டும். அந்த நீரில் காம்ப்ளிமென்ட் பெரும்பாலும் குறைந்திருக்கும், அங்கேயே செலவாகிவிட்டது. ஆனால் அழற்சி இருக்கும்போது கல்லீரல் சி3-ஐ வழக்கத்தைவிட அதிகமாகத் தயாரிக்கிறது. அதனால் மூட்டில் நடக்கும் செலவு ரத்தத்தில் தெரிவதில்லை.

கேள்வி: அக்காவுக்கு லூபஸ் (எதிர்ப்புச் சக்தி உடலின் பல உறுப்புகளையே தாக்கும் நோய்). அவளுக்கு அடிக்கடி சி3, சி4 பார்க்கிறார்கள். முடக்குவாதம் உள்ள எனக்கு ஏன் எழுதுவதில்லை?

லூபஸில் செலவு ஒரு மூட்டோடு நிற்பதில்லை. ரத்த ஓட்டம் முழுக்க, சிறுநீரகம் வரை நடக்கிறது. அதனால் அளவு விழுந்தால் அது எச்சரிக்கை. உங்களுக்கு அழற்சியின் அளவைக் காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனைகள், அப்புறம் எத்தனை மூட்டு வீங்கியிருக்கிறது என்று கையால் தொட்டு எண்ணுவது, இவைதான் உதவும். முடக்குவாதக்காரருக்கு சி4 நன்றாகக் குறைந்திருந்தால் நான் ரத்தக்குழாய் அழற்சியோ லூபஸோ கூடச் சேர்ந்திருக்கிறதா என்று தேடுவேன்.

கேள்வி: காம்ப்ளிமென்டை அடக்கும் மருந்து வந்துவிட்டதாமே? முடக்குவாதத்துக்கு நான் எடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்தை விட்டுவிட்டு அதற்கு மாறலாமா?

தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். மருந்துகள் வந்திருப்பது உண்மை. சி5-ஐத் தடுக்கும் எக்குலிசுமாப் 2007-இல் பிஎன்எச் என்ற அரிய ரத்த நோய்க்கு அனுமதி பெற்றது. சி5ஏ-யின் கதவை அடைக்கும் அவாகோபான் மாத்திரை 2021-இல் ஆன்கா வகை ரத்தக்குழாய் அழற்சிக்கு வந்தது. இரண்டுமே முடக்குவாதத்துக்கு அனுமதி பெற்றவை அல்ல.

எலிகளில் சி5-ஐத் தடுத்தால் மூட்டு அழற்சி அழகாக அடங்கியது. எல்லோருக்கும் நம்பிக்கை வந்தது அங்கிருந்துதான். ஆனால் முடக்குவாத நோயாளிகளுக்கு சி5ஏ-யைத் தடுக்கும் ஒரு மருந்தைக் கொடுத்துப் பார்த்து 2007-இல் வெளியான முடிவில், மூட்டுச் சவ்வின் அழற்சி குறையவில்லை. எலிக்கு நோய் வந்து சில வாரங்கள்தான் ஆகியிருக்கும். மனிதர் நம்மிடம் வரும்போது அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப், ஐஎல்-6 புரதங்கள், டி செல், பி செல் என்ற எதிர்ப்புச் சக்தி அணுக்கள் எல்லாமே களத்தில் இறங்கியிருக்கும். ஒரு கதவை மட்டும் அடைத்தால் போதவில்லை என்பது என் கணிப்பு.

மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள் மட்டுமே, தினமும் அல்ல. பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகலாம். அதற்குள் சலித்துப்போய் நிறுத்துபவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

கேள்வி: இப்போது கொடுக்கும் ஊசிகளில் ஏதாவது காம்ப்ளிமென்டோடு தொடர்புள்ளதா?

ரிடுக்சிமாப். அது காம்ப்ளிமென்டை அடக்குவதில்லை, துணைக்கு அழைக்கிறது. பி செல்லின் மேல் ஒட்டிக்கொள்ளும், காம்ப்ளிமென்ட் வந்து அந்த செல்லில் துளை போடும். பி செல்லை அழிக்க அதற்கு இருக்கும் வழிகளில் இது ஒன்று.

கேள்வி: தம்பி பிஎன்எச் நோய்க்கு எக்குலிசுமாப் போட்டுக்கொள்கிறான். நேற்றிலிருந்து ஒரு முழங்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருக்கிறது. முடக்குவாதமாக இருக்குமா?

அதை அப்புறம் யோசிக்கலாம், இன்றே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். சி5 அடைபட்டவர்களை நைசீரியா குடும்பக் கிருமிகள் எளிதில் தாக்கும். மூளைக்காய்ச்சல் மட்டுமல்ல, அவை மூட்டிலும் குடியேறும். தடுப்பூசி போட்டிருந்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. எக்குலிசுமாப் போடுவதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், மூட்டு நீரை எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.